கூடம் யாருக்கு?

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமம். சென்னையிலிருந்து திருப்பதி போகும் பேருந்துகள் சில அந்த வழியாகப் போகும். கிராமத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

அங்கே பல வீடுகளில் பேசுவது தமிழ். பலகைகளில் எழுதியிருப்பது தெலுங்கு. அலுவலகத் தாள்களில் பாதி ஆங்கிலம். அதனால் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கும் சில சொற்கள் குழப்பம் தரும். அப்படி ஒரு சொல்லைப் பற்றிய பாடம் இது.

மாலை ஏழு மணி. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எழுத்து வகுப்பு தொடங்கியது. வெளியே மழை. காலனிப் பெண்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நெசவாளர் தெருவிலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகளும் இருந்தாள்.

சங்கத் தலைவி அக்கா தாமதமாக வந்தார். காலனிப் பெண்களின் டுவாக்ரா சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவர் முகம் வாடியிருந்தது.

"இன்னாக்கா, இவ்ளோ நேரம்?" என்று ஆசிரியை கேட்டார்.

"சங்கக் கூட்டம் போட இடம் இல்ல, டீச்சர். எப்பவும் வேப்ப மரத்தடியில உக்காருவோம். இன்னிக்கு மழை. கம்யூனிட்டி ஹால் சாவி கேட்டுப் போனோம்."

"குடுத்தாங்களா?"

"இல்ல. 'அது எங்க சமூகத்து ஹாலு. உங்களுக்குக் காலனியில தனியா கட்டித் தருவாங்க. அப்போ உக்காருங்க'ன்னு சொல்லிட்டாங்க."

யாரும் பேசவில்லை. அக்கா மறுபடியும் சொன்னார்.

"பலகையை நானே படிச்சேன், டீச்சர். எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிச்சேன். 'கம்யூனிட்டி ஹால்'னு போட்டிருக்கு. என் பையனுக்கு வாங்கின தாளும் கம்யூனிட்டி சர்டிபிகேட்தான். அது சாதிச் சான்று. அப்படின்னா கம்யூனிட்டி ஹால்னா சாதி ஹாலா? அவங்க சொல்றதுதான் சரியா?"

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. கரும்பலகையைத் துடைத்தார். 'கம்யூனிட்டி' என்று பெரிதாக எழுதினார்.

"நல்ல கேள்வி, அக்கா. இன்னிக்கு இதுதான் நம்ம பாடம்" என்றார்.

1. ஒரு சொல், நான்கு இடம்

"இந்தச் சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கீங்க?" என்று ஆசிரியை கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

சங்கத் தலைவி சொன்னது கம்யூனிட்டி சர்டிபிகேட். அங்கே இந்தச் சொல்லுக்குச் சாதி என்று பொருள். தெலுங்கில் அந்தத் தாளைக் 'குல' சான்று என்றே சொல்கிறார்கள். தெலுங்கில் குலம் என்றால் சாதி. தெலுங்கில் குழப்பம் இல்லை. ஆங்கிலப் பெயரில்தான் குழப்பம்.

மருமகள் சொன்னது கம்யூனிட்டி ஹெல்த் சென்டர். தமிழில் சமூக சுகாதார நிலையம். அது 30 படுக்கைகள் உள்ள அரசு மருத்துவமனை. சமவெளிப் பகுதியில் சுமார் 1,20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். பிரசவத்துக்குப் போகிறவரிடம் "இது எந்தச் சமூகத்து ஆஸ்பத்திரி?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பகுதியில் வாழும் எல்லாரும்தான் அங்கே கம்யூனிட்டி.

நெசவுப் பெரியம்மா சொன்னது தேர்தல் நேரத்துப் பேச்சு. "உங்க கம்யூனிட்டியில எத்தனை ஓட்டு?" என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். அங்கே மறுபடியும் சாதி.

நான்காவதுதான் ஹால். தமிழ்நாட்டில் இதைச் சமுதாயக் கூடம் என்று எழுதுவார்கள்.

ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு விதமான பொருள். ஒன்று, பிறப்பால் வரும் கூட்டம். இன்னொன்று, ஓர் இடத்தில் சேர்ந்து வாழும் எல்லாரும். ஹாலில் எழுதியிருப்பது எந்தப் பொருள்? அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

2. நம் சொற்கள் என்ன சொல்கின்றன?

கம்யூனிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சமூகம் என்கிறோம். சமுதாயம் என்றும் சொல்கிறோம். இரண்டும் வடமொழியிலிருந்து வந்த சொற்கள். இரண்டுக்கும் முதல் பொருள் கூட்டம், திரள் என்பதுதான்.

சமூகம் என்ற சொல்லுக்கு வேறொரு பழைய பொருளும் உண்டு. பெரியவர்களுக்கு மனு எழுதும்போது "மகாராஜா சமூகத்துக்கு" என்று எழுதுவார்கள். அங்கே சமூகம் என்றால் முன்னிலை. இலங்கைத் தமிழர்கள் இன்றும் "கூட்டத்துக்குச் சமூகமளித்தார்" என்பார்கள். நேரில் வந்தார் என்று பொருள்.

சமுதாயம் என்ற சொல்லின் கதை நமக்கு இன்னும் முக்கியம். பழைய காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக் கணக்குகளில் மூன்று சொற்கள் உண்டு. ஊர் நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் அது ஏகபோகம். பலர் தனித்தனிப் பங்காக வைத்திருந்தால் அது பலபோகம். பலர் சேர்ந்து பொதுவில் வைத்திருந்தால் அது சமுதாயம்.

"பொதுவுன்னா நல்லதுதானே?" என்றாள் மருமகள்.

"நல்லதுதான். ஆனா யார் யாருக்குப் பொது? அதைக் கேக்கணும்" என்றார் ஆசிரியை.

அந்த நிலம் மிராசுதாரர்களுக்குள்தான் பொது. சேற்றில் இறங்கி நட்டவருக்கு அதில் பங்கு இல்லை. அறுத்தவருக்கும் பங்கு இல்லை. பெயர் சமுதாயம். ஆனால் உழைத்தவர் அதற்கு வெளியே இருந்தார்.

ஆகவே, சமூகம், சமுதாயம், பொது என்ற சொற்களைப் படித்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதில் யார் உள்ளே? யார் வெளியே?

3. சான்றிதழ் எதற்கு?

"அப்படின்னா சாதிச் சான்றே தப்பா, டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

தப்பு இல்லை. அது தேவையான தாள். பல தலைமுறையாகச் சில மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வைத்தார்கள். அரசு வேலைக்கு வெளியே வைத்தார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர இட ஒதுக்கீடு வந்தது. யாருக்கு அந்த உரிமை என்று காட்டுவதுதான் சான்றிதழ். ஆந்திராவில் இதை ஒழுங்குபடுத்த 1993-இல் ஒரு சட்டம் வந்தது. பொய்யாகச் சான்று வாங்கினால் அந்தச் சட்டப்படி தண்டனை உண்டு.

இந்தப் பட்டியலை அந்தந்த மாநிலத்துக்கு என்று தனியாக வகுக்கிறார்கள். எல்லையோரத்தில் வாழும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசி, பாசி மணி விற்கும் நரிக்குறவர்களை நாம் அறிவோம். குருவிக்காரர் என்றும் சொல்வோம். தெலுங்கில் நக்கல என்பார்கள். ஆந்திராவில் நக்கல, குருவிக்காரர் என்ற பெயர்கள் 2003-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் அப்போது அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன் பிறகே தமிழ்நாட்டிலும் அவர்கள் பழங்குடியினர் ஆனார்கள்.

மக்கள் அதே மக்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டியல். இந்தப் பக்கம் வேறு பட்டியல். இருபது ஆண்டுக்காலம் இப்படி இருந்தது.

"அப்போ திருத்தணியில எனக்குக் குடுத்த சான்று?" என்று மருமகள் கேட்டாள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் உரிமை எந்த மாநிலப் பட்டியலில் உள்ளதோ, அந்த மாநிலத்தைச் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1990-இல் இப்படிச் சொன்னது. வேறு மாநிலத்துக்குப் போனால் அந்தச் சான்றை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. எனவே பிள்ளைகளுக்குச் சான்று வாங்கும்போது தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சர்டிபிகேட்டில் உள்ள கம்யூனிட்டி சட்டம் வகுத்த ஒரு பட்டியல். அது உரிமை தருவதற்காக வந்தது. ஹாலைப் பூட்டுவதற்காக வரவில்லை.

4. ஒரு ஆள், பல வட்டம்

"நம்ம எல்லாரும் தமிழ் பேசறோம். நாம ஒரு கம்யூனிட்டி இல்லையா?" என்று நெசவுப் பெரியம்மா கேட்டார்.

ஆமாம். மொழியாலும் மக்கள் ஒரு சமூகம் ஆகிறார்கள். இந்தப் பகுதியின் வரலாறே அதற்குச் சாட்சி.

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளைத் தமிழகத்தில் சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் அதில் முன்னே நின்றார்கள். கடைசியில் 1960 ஏப்ரல் 1-இல் எல்லையை மாற்றினார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதியும் தனி மாவட்டம் ஆனது.

எல்லைக் கோடு நகர்ந்தது. மக்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஆந்திராவில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தமிழ்நாட்டில் தெலுங்கு பேசுவோரும் அப்படித்தான். இவர்களின் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி வேண்டும். அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு இதைச் சொல்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். சங்கத் தலைவி அக்கா தமிழ் பேசுகிறவர். ஆந்திர மாநிலத்தவர். காலனியைச் சேர்ந்தவர். டுவாக்ரா சங்கத்தில் ஒருவர். இந்தக் கிராமத்தில் ஒருவர். ஒருவருக்கே ஐந்து வட்டங்கள். ஒரு வட்டத்தில் இருப்பதால் இன்னொரு வட்டத்திலிருந்து அவரை யாரும் விலக்க முடியாது.

5. திருப்பதிக்குப் போவோம்

ஹால் யாருடையது என்று கண்டுபிடிக்கத் திருப்பதி நமக்கு உதவும்.

திருப்பதியிலும் திருமலையிலும் பல மடங்கள், சத்திரங்கள் இருக்கின்றன. சிலவற்றை ஒரு சமூகத்தார் தங்கள் சொந்தப் பணம் போட்டுக் கட்டினார்கள். தங்கள் ஆட்கள் வந்தால் தங்க வேண்டும் என்று கட்டினார்கள். அங்கே சமூகம் என்றால் பணம் போட்ட கூட்டத்தார்.

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரில் விஷ்ணு நிவாசம் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் சீனிவாசம் இருக்கிறது. இரண்டும் தேவஸ்தானத்தின் விடுதிகள். அவை வருகிற பக்தர் எல்லாருக்கும் உரியவை.

இரண்டும் தங்கும் இடங்கள்தான். ஆனால் யார் பணம், யார் இடம், யாருக்காகக் கட்டியது என்பதில் வேறுபாடு இருக்கிறது.

நெசவுப் பெரியம்மா கங்கையம்மன் ஜாத்திரையைப் பற்றிச் சொன்னார். திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு ஜாத்திரை நடக்கும். கங்கம்மாவை ஏழுமலையானின் தங்கை என்பார்கள். தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குச் சீர் போகும். ஜாத்திரையில் அம்மனாக வேடம் கட்டும் உரிமை கைக்கால குடும்பத்தாருக்கு உண்டு. நாம் கைக்கோளர் என்று சொல்கிறோமே, அந்த நெசவாளர்கள்தான்.

"வேசம் கட்டறது எங்காளுங்க. ஆனா ஆத்தா எங்களுக்கு மட்டுமா? பொங்கல் வைக்க ஊரே வருது" என்றார் பெரியம்மா.

ஒரு வேலையை ஒரு கூட்டம் செய்யலாம். அதனால் அந்த இடம் அவர்களுக்கு மட்டும் சொந்தம் ஆகிவிடாது. ஹால் சாவியும் அப்படித்தான். சாவியை ஒருவர் வீட்டில் வைத்திருக்கலாம். சாவி இருக்கும் வீடு வேறு, ஹாலுக்குச் சொந்தக்காரர் வேறு.

6. ஊர் என்றால் யார்?

இதுவரை பேசாமல் இருந்த ஒரு பாட்டி கேட்டார்.

"நீங்க கம்யூனிட்டி, கம்யூனிட்டின்னு பேசறீங்க. 'ஊரு'ன்னு ஒரு சொல்லு இருக்கே. அதுல நாங்க இருக்கமா?"

எல்லாரும் பாட்டியைப் பார்த்தார்கள்.

"'ஊருக்குள்ள போயிட்டு வரேன்'னு நாம சொல்றோம். நாம எங்க இருக்கோம்? ஊருக்கு வெளியவா? ஊர்க் கூட்டம்னு தண்டோரா போட்டாங்க. எங்க தெருவுக்கு அந்தச் சத்தம் வந்ததே இல்ல."

பாட்டி சொன்னது உண்மை. தமிழில் ஊர் என்கிறோம், சேரி என்கிறோம். தெலுங்கில் ஊரு என்கிறார்கள், வாடா என்கிறார்கள். காலனி என்பது புதிய பெயர். ஊர் என்ற சொல் முழுக் கிராமத்தையும் குறிக்க வேண்டும். பேச்சு வழக்கில் அது பாதிக் கிராமத்தை மட்டும் குறிக்கிறது. பழகிப்போனதால் நாமே நம்மை வெளியே வைத்துப் பேசுகிறோம்.

ஆனால் சட்டத்தில் ஊருக்கு வேறு அளவு இருக்கிறது. அதன் பெயர் கிராம சபை. ஆந்திர ஊராட்சிச் சட்டம் 1994-இல் வந்தது. அதன்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். அதில் பெரிய தெரு உண்டு. நெசவாளர் தெரு உண்டு. காலனியும் உண்டு.

"அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் சீட்டு வருது" என்றார் பாட்டி.

"அப்போ நீங்கதான் ஊரு, பாட்டி" என்றார் ஆசிரியை.

7. குளம் யாருக்கு என்று ஒரு வழக்கு

நம் கேள்வி புதிது அல்ல. மகாராஷ்டிராவில் மகாத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சவதார் என்ற குளம் உண்டு. பொதுக் குளம் எல்லாருக்கும் திறந்தது என்று 1924-இல் நகராட்சி தீர்மானம் போட்டது. ஆனாலும் தாழ்த்தப்பட்ட மக்களை அதில் இறங்க விடவில்லை.

1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களோடு அந்தக் குளத்துக்கு நடந்து போனார். தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பிறகு வழக்கு வந்தது. குளம் தங்களுடையது என்று எதிர்த்தரப்பினர் சொன்னார்கள். பத்து ஆண்டு வழக்கு நடந்தது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தாழ்த்தப்பட்ட மக்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பிறகு நாடு விடுதலை பெற்றது. 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அரசுப் பணத்தால் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கும் பொது இடங்களில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. பொதுமக்களுக்கு என்று விட்ட இடங்களுக்கும் இது பொருந்தும். 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தடுத்தால் தண்டிக்க 1955-இலும் 1989-இலும் சட்டங்கள் வந்தன.

எனவே ஹாலைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

கட்டியது யார் பணம்?
நிற்பது யார் நிலம்?
பஞ்சாயத்துக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது?

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆந்திராவில் கிராம அளவில் கேட்க இதற்குக் கட்டணம் இல்லை.

8. சேர்ந்து செய்தவர்கள்

"கேக்கலாம். ஆனா தனியாப் போனா வாயை அடைச்சிடுவாங்க" என்றார் சங்கத் தலைவி.

பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமம் இருக்கிறது. 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை. துபகுண்டாப் பெண்கள் அதைப் படித்தார்கள். "இது எங்க கதை" என்று பேசிக்கொண்டார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. ரோசம்மா போன்ற பெண்கள் முன்னே நின்றார்கள். கூலி வேலை செய்யும் பெண்கள் திரண்டார்கள். ஊரில் சாராயம் விற்பதை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது அடுத்த புத்தகத்தில் பாடமாக வந்தது. 'பெண்கள் ஒன்று சேர்ந்தால்' என்பது அதன் கருத்து. அதைப் படித்து மற்ற ஊர்ப் பெண்களும் எழுந்தார்கள்.

1992-இல் நெல்லூரில் சாராயக் கடை ஏலத்தையே நடத்த முடியவில்லை. பலமுறை தள்ளி வைத்தார்கள். போராட்டம் சித்தூர் முதலிய மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுவதும் சாராயத்தைத் தடை செய்தார்கள். 1995-இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்கள் காட்டிய வழி மறையவில்லை. சேமிப்புச் சங்கங்களாக அது தொடர்ந்தது.

அந்தப் பெண்களைச் சேர்த்தது பிறப்பு அல்ல. ஒரே துன்பமும் ஒரே வேலையும் அவர்களைச் சேர்த்தன. இதுவும் சமுதாயம்தான். இது பிறந்து வருவது அல்ல, நாம் செய்து உண்டாக்குவது.

9. மனு

அன்று இரவு பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். சங்கத் தலைவி அக்கா தன் கையால் எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். மனு இதுதான்:

"பஞ்சாயத்துச் செயலர் அவர்களுக்கு,
வணக்கம். நம் கிராமத்துக் கம்யூனிட்டி ஹால் யார் பணத்தில் கட்டியது? யார் நிலத்தில் உள்ளது? யார் யார் பயன்படுத்தலாம்? இதைப் பஞ்சாயத்துப் பதிவேட்டைப் பார்த்து எழுத்தில் தெரிவிக்கவும்.
இப்படிக்கு,
மகளிர் சங்க உறுப்பினர்கள்."

ஆசிரியை அதைத் தெலுங்கில் மாற்றி எழுத உதவினார். பெண்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கைநாட்டு வைக்கவில்லை. நெசவுப் பெரியம்மா காலனிச் சங்கத்தில் இல்லை. ஆனாலும் அவரும் கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தது. பஞ்சாயத்து நிலம். அரசுப் பணம். கிராம மக்கள் பொது உபயோகத்துக்கு.

அடுத்த கிராம சபையில் அக்கா அந்தத் தாளைப் படித்தார். குரல் நடுங்கியது. ஆனாலும் முழுவதும் படித்தார். பெரிய தெருவில் ஒருவர் கோபமாக எழுந்தார். "இத்தனை வருசமா இல்லாதது இப்போ எதுக்கு?" என்றார். நெசவுப் பெரியம்மா எழுந்து, "இத்தனை வருசமா எங்களுக்குப் படிக்கத் தெரியலைங்க" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

சாவியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்று முடிவானது. யார் எடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும்.

எல்லாம் உடனே இனிமையாக முடிந்துவிடவில்லை. அந்த வாரம் அக்காவைக் களை எடுக்கும் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. தெருவில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கத்துப் பெண்கள் தங்கள் கூலியில் கொஞ்சம் சேர்த்து அக்கா வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேலைக்கு அழைப்பு வந்தது.

மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். அக்கா சாவி வாங்கப் போனார். நோட்டில் நான்கு கட்டங்கள் இருந்தன. தேதி. பெயர். எதற்கு. கம்யூனிட்டி.

நான்காவது கட்டத்தை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதில் தன் கிராமத்தின் பெயரை எழுதினார். சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

சொற்களை அறிவோம்

சமூகம் – கூட்டம்; மக்கள் பிரிவு; பெரியவர் முன்னிலை
சமுதாயம் – சேர்ந்து வாழும் மக்கள்; பொதுவானது
மொழிச் சிறுபான்மை – ஒரு மாநிலத்தில் குறைவான பேர் பேசும் மொழியினர்
கிராம சபை – வாக்காளர் எல்லாரும் அடங்கிய ஊர் அவை
பதிவேடு – கணக்கும் விவரமும் எழுதி வைக்கும் புத்தகம்

கேள்விகள்

1. கம்யூனிட்டி சர்டிபிகேட், கம்யூனிட்டி ஹால் – இரண்டிலும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
2. பழைய நிலக் கணக்கில் சமுதாயம் என்ற பொதுவுக்கு வெளியே இருந்தவர்கள் யார்?
3. ஒரு கட்டடம் பொதுவா, தனியாருடையதா என்று அறிய எந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்?
4. துபகுண்டாப் பெண்களை ஒன்று சேர்த்தது எது?

கலந்து பேசுங்கள்

உங்கள் கிராமத்தில் பொது என்று எழுதிய இடங்கள் எவை? எழுதியபடி அவை எல்லாருக்கும் திறந்திருக்கின்றனவா? "ஊர்" என்று சொல்லும்போது உங்கள் மனதில் எந்தெந்தத் தெருக்கள் வருகின்றன? எந்தத் தெரு விட்டுப்போகிறது?

எழுதிப் பழகுங்கள்

நீங்கள் எந்தெந்த வட்டங்களில் இருக்கிறீர்கள்? ஐந்து வரி எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் கிராமத்தின் பெயரை எழுதுங்கள்.